இறக்கைக்கு அடியில் வெள்ளையா, சாம்பலா?

தேவராஜுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை வரைதான் நேரம் கொடுத்திருந்தார்கள். நான் ஊரப்பாக்கத்தில் இறங்கியது வெள்ளிக்கிழமை காலை. தோளில் என் பழைய கேமரா, பையில் அதன் பீரங்கி லென்ஸ், வலது முழங்கையில் மருத்துவர் மாட்டிவிட்ட பட்டை. கோயமுத்தூரில் இந்நேரம் பனி விலகியிருக்காது. இங்கே காலை ஏழு மணிக்கே ஜி.எஸ்.டி. சாலை வியர்க்க வைத்தது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவராஜ் கடப்பாக்கத்துக்காரர். கல்பாக்கத்தில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்துக்கு ஊழியர் பேருந்து ஓட்டுகிறார். எட்டுக் குளிர்காலமாகத் தன் ஊர் முகத்துவாரத்துப் பறவைகளை எண்ணி, பறவை பார்ப்பவர்களின் பொதுப் பட்டியலில் ஏற்றி வருகிறார். அந்தப் பட்டியலுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. எங்கள் பழக்கம் அதில்தான். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

மார்கழியில் ஒரு நாள் அவர் ஓர் உப்புக்கொத்தியைப் பார்த்தார். குளிர்காலத்தில் நம் கடற்கரைக்குக் கூட்டமாக வரும் பொன்னிற உப்புக்கொத்திக்கு இறக்கையின் அடிப்பக்கம் சாம்பல் நிறம். உட்கார்ந்திருக்கும்போது தெரியாது, பறந்தால்தான் தெரியும். தேவராஜ் பார்த்த பறவைக்கு அடிப்பக்கம் வெள்ளை. அப்படியென்றால் அது ஐரோப்பாவிலிருந்து வழிதவறி வந்த அதன் உறவுக்காரப் பறவை. நம் நாட்டில் அதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேவராஜ் பட்டியலில் ஏற்றிவிட்டார். அவரிடம் ஒரு பழைய பைனாகுலர்தான் உண்டு, கேமரா கிடையாது.

குழுவில் ஒருவர், "பஸ் ஓட்டிக்கொண்டே பார்த்தாரா?" என்று கேட்டுச் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். அதற்கு இன்னும் நாலு முகங்கள் சிரித்தன. பட்டியலைச் சரிபார்ப்பவர் சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் எழுதினார். ஞாயிறு மாலைக்குள் படம் வராவிட்டால் பதிவை நீக்கவேண்டி வரும். வருகிற கடற்கரைக் கணக்கெடுப்பில் கடப்பாக்கத்தைக் கேமரா உள்ள வேறொருவரிடம் கொடுப்பது நல்லது என்று எழுதியிருந்தார்.

அன்றைக்குத் தேவராஜ் எனக்குப் போன் செய்தார். "வேற ஆளு சொன்னா கட்டை வெரலு தூக்குறாங்கோ. நான் சொன்னா போட்டோ கேக்குறாங்கோ. எங்கப்பா அடுத்தவன் நெலத்துல கூலிக்கு நாத்து நட்டாரு, அக்கா. அவரு சொன்ன பேச்சுக்கும் யாராவது ஒரு ஆளு சாட்சி சொல்லணும். நான் கவர்மெண்டு பஸ்ஸு ஓட்டியும் அதே கதையாத்தான் கீது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "நான் வந்து எடுத்துத் தர்றனுங்க" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொல்வது என் பிறவிக் குணம்.

சிங்காநல்லூரில் எனக்கு ஒரு ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம். பறவை என்பது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இருபது வருடமாக உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில்தான் எடுத்துவருகிறேன். அதன் கனம் முழங்கையைத் தின்றுவிட்டது. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா என்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. ஊரப்பாக்கத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு நண்பர் தன்னுடைய மிரர்லெஸ்ஸை அதன் நீள லென்ஸோடு மூன்று நாளைக்குக் கொடுத்தார். "கல்யாணத்துக்கு செட் பண்ணி வெச்சிகீறேன், ஒரு தடவை எல்லாம் பாத்துக்கங்க" என்றார்.

பார்த்தேன். மிரர்லெஸ்ஸில் நாம் பார்ப்பது குட்டித் திரை. படம் எவ்வளவு வெளிச்சமாக விழப்போகிறதோ அதை அப்படியே அந்தத் திரையில் காட்டும் வசதி உண்டு. ஃப்ளாஷ் போட்டு எடுக்கிற எங்களுக்கு அது தொல்லை. மண்டபத்துக்குள் எல்லாம் இருட்டாகத் தெரியும் என்பதால் அதை அணைத்துவைப்போம். நண்பரும் அணைத்துவைத்திருந்தார். நம்மவர் என்று நினைத்துக்கொண்டு அப்படியே விட்டேன்.

அன்று மதியம் வேடந்தாங்கல். தேவராஜுக்கு ஞாயிறுதான் விடுமுறை. அதற்குள் இரண்டு கேமராவையும் உரசிப் பார்த்துவிட வேண்டும். பேருந்து பாதி வழியில் புகை கக்கி நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். எங்கள் பக்கமாக இருந்தால் இதற்குள் ஓட்டுநரை "ஏனுங்க, என்னாச்சுங்க" என்று பத்துப் பேர் குசலம் விசாரித்திருப்பார்கள். இங்கே ஒரு அம்மாள் கண்டக்டரைப் பார்த்து, "இன்னா, தள்ளணுமா, நடக்கணுமா, அத்த மட்டும் சொல்லு" என்றார். நடந்தோம். வழியில் வாங்கிய கொய்யாப்பழத்துக்கு மிளகாய்ப்பொடி தாராளமாக இருந்தது.

ஏரியில் சங்குவளை நாரைகள் மரத்துக்கு மரம் பறந்துகொண்டிருந்தன. முதலில் பழையது. அதன் கண்ணாடி படபடவென்று அடிக்க, பத்துப் படத்தில் மூன்று தேறியது. மற்றதெல்லாம் பறவையை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்திருந்தது. பிறகு புதியது. நாரை சட்டத்துக்குள் வந்ததும் ஒரு சின்னச் சதுரம் அதன் கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. நாரை திரும்பினால் சதுரமும் திரும்பியது. சத்தமில்லை, அதிர்வில்லை. இருபது படத்தில் பதினேழு தேறியது. எனக்கு வயிற்றெரிச்சலாகவே இருந்தது. இத்தனை வருடம் கை ஒடிய நான் கற்றதை இது பொழுதுபோக்காகச் செய்கிறது.

ஒன்று மட்டும் செய்யவேண்டியிருந்தது. வெளுத்த வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் எந்தக் கேமராவும் பறவையைக் கரிக்கட்டையாக்கிவிடும். அதனால் வெளிச்சத்தைக் கூட்டும் சக்கரத்தைக் கட்டைவிரலால் ப்ளஸ் ஒன்றுக்குத் திருப்பி, இன்னும் ஒரு சொடுக்கு கூட்டினேன். நாரைகளின் வயிற்றில் இறகு இறகாகத் தெரிந்தது. அன்றைய வேலை முடிந்தது.

சனிக்கிழமை மாமல்லபுரம். ஏ.சி. அறையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடற்கரைக்கு ஓடினேன். லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. கடலோரத்தில் வளர்ந்தவர்கள் செய்யாத தப்பு. தலைக்கு மேல் ஒரு செம்பருந்து நிதானமாக வட்டமடிக்க, நான் முந்தானையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நாளைக்கும் இப்படி ஆனால் தேவராஜ் முகத்தில் எப்படி விழிப்பது? அப்போதே முடிவு செய்தேன், இன்று இரவு ஏ.சி. கிடையாது.

பக்கத்தில் ஒரு வடக்கத்தி ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாண மண்டப ஹிந்தி வரும். "முகமெல்லாம் மைதா அப்பின மாதிரி இருக்கு. வெயிலைக் கொஞ்சமாவது பார்த்து எடுக்கக்கூடாதா?" என்று மனைவி திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தொழில் தெரியாதவர்கள் என்று நினைத்தேன்.

மாலையில் தேவராஜ் போனில் வந்தார். "கூட்டம் இன்னும் முகத்துவாரத்துலதான் கீதுக்கா. ஷிப்டு முடிஞ்சி போயி பாத்துட்டு வந்தேன். மூணு நாளா தூக்கமே இல்ல, ஒரே பேஜாரா கீது." பொரித்த வஞ்சிரம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்குமேல் இறங்கவில்லை.

ஞாயிறு விடியலில் கடப்பாக்கத்தில் பைக்கோடு நின்றிருந்தார். போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையைச் செருகியிருந்தார். பறவை பார்க்கப் போகிற உடுப்பு அல்ல அது. முகத்துவாரத்தில் இடிந்த கோட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மணல்மேடு. அதில் ஏறிக் குந்தினோம். முந்நூறு அடி தள்ளி, ஈர மணலில் உப்புக்கொத்திக் கூட்டம்.

"நாப்பத்தொண்ணு" என்றார் தேவராஜ், பைனாகுலரை இறக்காமலே.

"எண்ணீட்டீங்களா அதுக்குள்ள?"

"இதுக்கு எதுக்குக்கா எண்ணணும், பாத்தா தெரியுதே."

எனக்கு நம்பிக்கையில்லை. வாதாடவும் நேரமில்லை. பறவைகள் எழும்பாமல் அடிப்பக்கம் தெரியாது. விரட்டவும் கூடாது, விரட்டி எடுத்த படத்தைக் குழுவில் காறித் துப்புவார்கள். காத்திருந்தோம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வெயில் ஏறி மணல் கண்ணைக் கூச வைத்தது. தேவராஜ் வாட்சைப் பார்ப்பதும் என் கேமராவைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்கு முழங்கை விண்விண்ணென்று தெறித்தது.

எட்டரை மணிக்கு மீனவர் குப்பத்துப் பக்கமிருந்து ஒரு நாய் வந்தது. கூட்டம் அப்படியே எழும்பித் திரும்பி, தாழ்வாக எங்களை நோக்கி வந்தது. புதிய கேமராவை உயர்த்தினேன். சதுரம் முன்னால் வந்த பறவையின் கண்ணில் ஒட்டிக்கொண்டது. விரலை எடுக்கவில்லை. நூறு படத்துக்குமேல் போனதும் கேமரா திணறி நின்றுவிட்டது. கூட்டம் இன்னொரு சுற்று வந்தது. பழையதைத் தூக்கி மூன்று தட்டு தட்டினேன், அவ்வளவுதான். பறவைகள் அக்கரைக்குப் போய்விட்டன.

கையால் வெயிலை மறைத்துத் திரையைப் பார்த்தோம். முன்னால் வந்த பறவை பளிச்சென்று விழுந்திருந்தது. கண், அலகு, முதுகின் மஞ்சள் புள்ளி, விரித்த இறக்கை. இறக்கையின் அடிப்பக்கம் வெள்ளை.

தேவராஜ் அப்படியே மணலில் உட்கார்ந்து, இஸ்திரி போட்ட சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு படத்தை அங்கேயே அவருடைய போனுக்கு ஏற்றிக் கொடுத்தேன். "வூட்டுக்குப் போயி ரெபேக்காகிட்ட மொதல்ல காட்டிட்டு, நாஸ்தா துன்னுட்டு அனுப்பலாம்கா" என்றார்.

ரெபேக்கா அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இட்லியும் வடகறியும் வைத்தார். எங்கள் ஊரில் வடகறியை யாரும் சீண்டமாட்டார்கள். நான் மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். போனில் படத்தைப் பார்த்த ரெபேக்கா, "அந்த சிரிச்ச மூஞ்சிங்களுக்கு மொதல்ல அனுப்பு" என்றார். தேவராஜ் குழுவைத் திறந்து படத்தை இணைத்துவிட்டு, கீழே எழுதுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, இன்னும் நல்ல படம் இருக்குமா என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

இரண்டாவது படத்தில் வெள்ளை இறக்கை. மூன்றாவதில் வேறொரு பறவை, அதற்கும் வெள்ளை. பத்தாவதில் கூட்டம் முழுக்கத் தெரிந்தது. அத்தனைக்கும் வெள்ளை. ஐரோப்பாவிலிருந்து ஒன்று வழிதவறலாம். ஊரே சேர்ந்தா வழிதவறும்?

படத்தின் கீழே தெரிந்த மணலைப் பார்த்தேன். ஒரு துகள் தெரியவில்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. கேமராவை எடுத்துச் சக்கரத்தைப் பார்த்தேன். ப்ளஸ் ஒன்றும் ஒரு சொடுக்கும். வெள்ளிக்கிழமை வேடந்தாங்கலில் நாரைக்காகத் திருப்பியது, திருப்பியபடியே இருந்தது. குட்டித் திரையில் வெளிச்சத்தைக் காட்டும் வசதியாவது இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அதைத்தான் கல்யாணக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அணைத்துவைத்திருந்தோமே. பழைய கேமராவின் கார்டைச் செருகினேன். அதில் வெளிச்சத்தை எப்போதும் நானே கையால் வைப்பேன். மூன்றில் ஒன்று தெளிவாக இருந்தது. மணல் மணலாக இருந்தது. இறக்கைகள் சாம்பல்.

ஒளிப்பதற்கில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் லேப்டாப்பை மூடிவிடலாமா என்று நினைத்தேன். போனில் இருப்பது ஒரே ஒரு படம், ஒரே ஒரு பறவை. யாருக்குத் தெரியப்போகிறது? சிரித்த முகங்கள் வாயை மூடிக்கொள்ளும். கடப்பாக்கம் தேவராஜிடமே இருக்கும். இருபது வருடமாக மாப்பிள்ளைகளின் கறுப்பைப் படத்தில் வெளுத்துக் கொடுத்துத்தான் நான் சோறு தின்கிறேன். ஆனால் இந்தப் படத்தின் கீழ் வரப்போவது அவருடைய பெயர்.

"தேவராஜ், அனுப்பாதீங்க" என்றேன். "தப்பு பண்ணிட்டனுங்க."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ரெபேக்கா கையில் இட்லிக் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"அப்போ அன்னிக்கு இவரு பாத்தது?" என்று அவர்தான் கேட்டார்.

"அது வேற பறவையா இருக்கலாமுங்க. இன்னைக்குக் கூட்டத்துல அது இல்லை, அவ்வளவுதான். அப்படியே எழுதிப் போடலாம். பொய் இல்லீங்களே" என்றேன். அவருக்கு ஒரு வழி விடவேண்டும் போலிருந்தது.

தேவராஜ் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கும் எட்டரை மணிதான்கா" என்றார். "அதே மேடு. வெயிலு மணல்ல பட்டு கீழேர்ந்து மேல ஏறிகினு இருந்துச்சு. கிட்ட வந்த ஒண்ணத்தான் பாத்தேன், மத்ததுங்களப் பாக்கல. உங்க கேமரா இன்னா பண்ணுச்சோ அதத்தான் என் கண்ணும் பண்ணிகீது."

"அனுப்பாம வுட்டுடு. அவங்களே பதிவ எடுத்துடட்டும்" என்றார் ரெபேக்கா.

"அவங்க எடுத்தா பொய் சொன்னேன்னு ஆவும். நான் எடுத்தா தப்பா பாத்தேன்னு ஆவும்."

போனிலிருந்த படத்தை அழிக்கவில்லை. பழைய கேமராவின் படத்தையும் ஏற்றச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: "முதல் படத்தில் வெளிச்சம் அதிகம். இரண்டாவதுதான் சரி. நான் மார்கழியில் பார்த்ததும் இதே பறவைதான், மணல் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. என் பதிவை நீக்கிவிடவும்." படித்துக் காட்டினார். "என் சக்கரத்துத் தப்பையும் எழுதுங்க" என்றேன். "அது உங்க வூட்டு விசயம்" என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.

பார்த்ததற்கான நீலக் கோடுகள் வந்தன. யாரும் எதுவும் எழுதவில்லை. கால் மணி, அரை மணி. ரெபேக்கா எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்கத் தொடங்கினார், சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

"எந்தக் கேமரா வாங்கப் போறீங்க?" என்றார் தேவராஜ், பேச்சை மாற்ற.

"புதுசுதானுங்க. அது நல்ல கேமரா. என் கட்டைவிரல்தான் சரியில்லை."

அவர் சிரிக்கவில்லை. என்னால் சும்மா உட்காரவும் முடியவில்லை. கூட்டம் முழுக்க விழுந்த அந்தப் பத்தாவது படத்தைப் பெரிதாக்கி, பென்சில் முனையைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். நம்பாமல் மறுபடி வலதிலிருந்து இடமாக எண்ணினேன். இரண்டு தடவையும் காலையில் அவர் சொன்ன எண்தான் வந்தது. அவரிடம் சொல்ல வாயெடுத்தபோது போன் அதிர்ந்தது.

சரிபார்ப்பவர் எழுதியிருந்தார்: "பதிவை நீக்கிவிட்டேன். நன்றி. இன்றைக்குக் கூட்டத்தில் மொத்தம் எத்தனை?"

தேவராஜ் லேப்டாப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பத்தொன்று என்று தட்டி அனுப்பினார்.

"ஏற்றிக்கொண்டேன்" என்று உடனே பதில் வந்தது. "கணக்கெடுப்பன்று கடப்பாக்கத்தில் நீங்களே நின்றுவிடுங்கள்."

ரெபேக்கா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழுவில் நாற்பது, ஐம்பது பேர் படித்துவிட்டார்கள். நாற்பத்தொன்றுக்கு ஒருவரும் போட்டோ கேட்கவில்லை.